38 கிளை இஃப்-எல்ஸ் சங்கிலி: ஸ்விட்சா, டேபிளா, டெர்னரியா? படிக்க எது நல்லது, வேகத்துக்கு எது?

நிரல்மகள்:

வணக்கம். சி++ல் எழுதின ஒரு சர்வீஸ் இப்போ என் பொறுப்புல இருக்கு. கருவிகள் அனுப்புற மெசேஜ்களை வாங்கி, பிரிச்சு, டேட்டாபேஸ்ல போடுறது அதோட வேலை. உச்ச நேரத்துல விநாடிக்கு 10,000 மெசேஜ் வரை வரும். முதல் பைட் அது என்ன வகைன்னு சொல்லும். அந்த பைட்டைப் பார்த்து வேலையைப் பிரிச்சுக் கொடுக்கிற ஃபங்ஷன் பத்திதான் என் கேள்வி.

38 கிளை உள்ள ஒரே இஃப் - எல்ஸ் இஃப் சங்கிலி அது. சில கிளைக்குள்ள இன்னும் நாலு அடுக்கு இஃப்: நீளம் சரியா, செக்சம் (தரவு வழியில கெடலைன்னு பார்க்கிற எண்) சரியா, கருவி பதிவானதா, பதிப்பு நம்மளுக்குத் தெரிஞ்சதா. இதெல்லாம் தாண்டின பிறகுதான் உண்மையான வேலை வருது, அதுவும் திரையோட வலது ஓரத்துல. அதுக்கான எல்ஸ் எல்லாம் முப்பது வரி கீழே. எந்த எல்ஸ் எந்த இஃப்போடதுன்னு விரல் வெச்சுத் தேட வேண்டியிருக்கு.

டீம்ல மூணு கருத்து. ஒருத்தர் "எல்லாத்தையும் ஸ்விட்சா மாத்து, ஸ்விட்ச்தான் வேகம்"ங்கிறார் (ஸ்விட்ச்னா ஒரே மாறியோட மதிப்பைப் பார்த்து அதுக்கான கேஸுக்குப் போற அமைப்பு). இன்னொருத்தர் ஃபங்ஷன் பாயின்டர் டேபிள், அதாவது வகை எண்ணுக்கு எந்த ஃபங்ஷன்னு சொல்ற அட்டவணை போடச் சொல்றார். மூணாமவர் சின்னக் கிளைகளை டெர்னரியா (கேள்விக்குறி போட்டு ஒரே வரியில ரெண்டு மதிப்புல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது) சுருக்கினா பிராஞ்சே இருக்காது, ஃபங்ஷனும் பாதியாகும்ங்கிறார். மூணு பேருமே வேகத்தைக் காரணம் காட்டுறாங்க. எனக்கு முதல் கவலை, அடுத்து இதைத் தொடுற ஆளுக்குப் புரியணும்கிறது. வேகம் நிஜமாவே இவ்வளவு மாறுமா? எதை வெச்சு முடிவு பண்ணுறது?

பழைய_கம்பைலர்:

உங்கள் முதல் கவலைதான் சரியான கவலை. அதிலிருந்தே தொடங்குகிறேன், வேகக் கணக்கைப் பிறகு போட்டுக் காட்டுகிறேன்.

நீங்கள் சொன்ன ஃபங்ஷனில் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒரே இஃப் உடையில் நிற்கின்றன. அவற்றைப் பிரித்தாலே எந்த வடிவம் எங்கே என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

முதல் கேள்வி: "இது எந்த வகை?" ஒரே மாறி, பல மாறிலிகள். இதற்கு ஸ்விட்ச்தான் நேர்மையான வடிவம். 38 எல்ஸ் இஃப்பைப் படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் "இங்கேயும் அதே மாறியைத்தான் சோதிக்கிறார்களா?" என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஸ்விட்சில் மாறி தலையில் ஒரு முறை வருகிறது. அதன்பின் சந்தேகம் இல்லை. வகை எண்களை வெறும் 7, 12 என்று விடாமல் என்யூம் (பெயரிட்ட மாறிலிகளின் பட்டியல்) ஆக்குங்கள். ஆக்கிய பிறகு ஒரு முக்கியமான காரியம்: டிஃபால்ட் (எந்தக் கேஸிலும் சேராதவற்றுக்கான கிளை) எழுதாதீர்கள். ஜிசிசியிலும் கிளாங்கிலும் ‘வால்’ (-Wall) என்ற எச்சரிக்கைக் கொடியைப் போட்டுக் கம்பைல் செய்தால், என்யூமில் இருந்தும் ஸ்விட்சில் இல்லாத கேஸைக் கம்பைலரே சுட்டிக்காட்டும். டிஃபால்ட் இருந்தால் அந்த எச்சரிக்கை வராது. நாளைக்கு 39ஆவது வகை சேர்க்கும் ஆளுக்கு இதைவிட நல்ல உதவியை நீங்கள் விட்டுச்செல்ல முடியாது. வெளியிலிருந்து வரும் பைட்டில் என்யூமில் இல்லாத எண்ணும் வரலாம் என்பதால், ஒவ்வொரு கேஸும் ரிட்டர்னில் முடியட்டும். ஸ்விட்சின் மூடும் அடைப்புக்குக் கீழே "தெரியாத வகை" என்று பிழையைப் பதிவு செய்யும் வரி இருக்கட்டும். எச்சரிக்கையும் கிடைக்கும், குப்பை பைட்டும் பிடிபடும்.

இரண்டாவது கேள்வி: "இதைச் செயலாக்கலாமா, கூடாதா?" நீளம், செக்சம், பதிவு, பதிப்பு எல்லாம் இந்த வகை. இவற்றைத் தலைகீழாக எழுதுங்கள். நீளம் தவறா, பிழையைச் சொல்லி ரிட்டர்ன். செக்சம் தவறா, ரிட்டர்ன். இப்படி ஒவ்வொரு தடையும் அதன் விளைவும் அடுத்தடுத்த வரிகளில் நின்றுவிடும். எல்ஸ் தேடும் வேலையே இருக்காது. உண்மையான வேலை இடது ஓரத்துக்கு வந்துவிடும். லினக்ஸ் கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம் மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே தள்ளினால் நிரலையே திருத்தச் சொல்கிறது. உங்களிடம் சங்கிலியின் அடுக்கையும் சேர்த்தால் ஐந்து.

சில நிறுவனங்களில் "ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே ரிட்டர்ன்" என்ற விதி இன்னும் இருக்கிறது. சி மொழியில் திறந்த ஃபைலையும் பிடித்த மெமரியையும் கையால் விடுவிக்க வேண்டிய இடத்தில் அதற்கு நியாயம் உண்டு. சி++ல் டிஸ்ட்ரக்டர் (பொருளின் ஆயுள் முடியும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) அந்த வேலையைச் செய்துவிடுவதால், உங்கள் கோடில் அந்த விதிக்காக நாலு அடுக்கு இஃப்பைச் சுமக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது கேள்வி: "இது இந்தச் சூழ்நிலையா?" பேட்டரி குறைவு, கூடவே வெப்பம் அதிகம், கூடவே கருவி பராமரிப்பில் இல்லை என்பது போன்ற கூட்டுக் கண்டிஷன்கள். இவை இஃப்பாகவே இருக்கட்டும், ஆனால் பெயர் கொடுங்கள். மூன்று ஒப்பீட்டையும் ஒரு பூலியன் மாறியில் போட்டு ‘அவசர எச்சரிக்கை தேவை’ என்ற பொருளில் பெயர் வைத்தால், இஃப் வரியைப் படிப்பவருக்குக் காரணமும் சேர்ந்து தெரியும். இதற்கு ஓடுநேரச் செலவு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. சோதிப்பதே செலவானதாக இருந்தால் மட்டும் கவனம்: டேட்டாபேஸைக் கேட்கும் ஃபங்ஷன் போன்றவற்றை முன்கூட்டி மாறியில் போட்டால், முதல் சோதனை பொய்யானதும் ‘அண்ட்’ அடுத்ததைப் பார்க்காமலே நின்றுவிடும் பயனை இழப்பீர்கள். மலிவான சோதனை முன்னால், செலவானது பின்னால்.

இனி வேகம். "ஸ்விட்ச்தான் வேகம்" என்பவர் நினைப்பது ஜம்ப் டேபிளை. கேஸ் எண்கள் நெருக்கமாக இருந்தால் கம்பைலர் ஓர் அட்டவணை கட்டி, எண்ணை வைத்து நேராகத் தாவிவிடும். 38 ஒப்பீடு போய் ஒரு தாவல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே மாறியைச் சோதிக்கும் இஃப் சங்கிலியை ஸ்விட்சாகப் பார்க்கும் வித்தை கம்பைலர்களுக்கும் தெரியும். ஜிசிசியில் அது 2021ல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால், நீங்கள் எதை எழுதினாலும் ஒரே அசெம்பிளி (ப்ராசஸருக்கான கட்டளைகள்) வர வாய்ப்பு உண்டு.

இன்னொரு விஷயம்: ஒப்பீடு என்பதே மலிவு. காசு போவது பிராஞ்ச் பிரெடிக்ஷன் தவறும்போதுதான். ப்ராசஸர் கண்டிஷனின் விடை வரும்வரை காத்திருக்காமல், எந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து ஓடிக்கொண்டே இருக்கும். ஊகம் தவறினால் செய்த வேலையைத் தூக்கிப்போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இன்றைய ப்ராசஸர்களில் அதற்குச் சுமார் 10 முதல் 20 சைக்கிள். ஜம்ப் டேபிளும் இதிலிருந்து தப்பவில்லை. எங்கே தாவுவது என்பதையும் ஊகிக்கத்தான் வேண்டும், அதுவும் தவறலாம். மெசேஜ் வகைகள் ஒரு ஒழுங்கில் வந்தால் இரண்டுமே வேகம். தாறுமாறாக வந்தால் இரண்டுமே தடுமாறும்.

உங்கள் எண்ணை வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு மெசேஜிலும் ஒரு ஊகம் தவறுகிறது என்றே வையுங்கள். 10,000 மெசேஜ், தலைக்கு 20 சைக்கிள்: விநாடிக்கு 2,00,000 சைக்கிள். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரின் ஒரு கோருக்கு விநாடிக்கு 300 கோடி சைக்கிள். அதாவது 0.01 சதவீதம்கூட இல்லை. ஒரு மெசேஜை டேட்டாபேஸில் எழுதும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. உங்கள் மூன்று நண்பர்களும் வேகத்தைப் பற்றி விவாதிக்க வேறு இடம் இருக்கிறது. ப்ரொஃபைலரை (நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் கருவி) ஓட்டினால் அது தெரிந்துவிடும்.

வாசல்வரி:

ஃபங்ஷன் பாயின்டர் டேபிள் சொன்ன நண்பர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். ஒவ்வொரு வகையும் தனி ஃபைலில், தனி ஆட்களால் எழுதப்படுகிறது. புது வகை சேர்க்க நடு ஃபைலைத் தொடவே கூடாது என்றால் டேபிள்தான் சரி. ப்ளகின் போல வெளியிலிருந்து வகைகள் வந்து பதிவாகும் இடத்திலும் அப்படித்தான்.

38 வகையும் ஒரே டீமின் கையில், ஒரே ரெப்போவில் இருந்தால் நான் டேபிளுக்குப் போகமாட்டேன். டேபிளில் கேஸ் விட்டுப்போனால் கம்பைலர் சொல்லாது. ஓடும்போது நல் பாயின்டரில் விழுந்து தெரிந்துகொள்ள வேண்டும். எடிட்டரில் "இந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள்" என்று கேட்டால் டேபிளின் வரியைத்தான் காட்டும். பாயின்டர் வழியாகக் கூப்பிடுவதால் கம்பைலர் பெரும்பாலும் இன்லைன் செய்யாது, அதாவது ஃபங்ஷனின் உடலைக் கூப்பிடும் இடத்திலேயே பதிக்காது. ஆக வேகம் என்ற காரணமும் அங்கே உறுதியில்லை.

வெறும் தரவு என்றால் என் பதில் மாறும். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தபட்ச நீளம், செக்சம் உண்டா இல்லையா, எந்தப் பதிப்பிலிருந்து என்பதெல்லாம் 38 கிளைக்குள் சிதறிக் கிடப்பதாகத் தெரிகிறது. அவற்றை ஒரு அட்டவணையில் வரிசையாக வையுங்கள். அப்போது அந்த நாலு அடுக்குச் சோதனையையும் ஒரே இடத்தில், ஸ்விட்சுக்கு முன்பே, எல்லா வகைக்கும் பொதுவாகச் செய்துவிடலாம். நெறிமுறை ஆவணத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி சரிபார்க்கவும் முடியும். முடிவு தரவாக இருந்தால் டேபிள், செயலாக இருந்தால் ஸ்விட்ச். நான் பிரிப்பது இப்படித்தான்.

தும்பி:

சி++ இல்லாதவங்களும் இதைப் படிப்பாங்க, அதனால பைத்தான் பத்திச் சொல்லிடுறேன். 2021ல வந்த 3.10லேர்ந்து ‘மேட்ச்’ இருக்கு. அதைப் பார்த்துட்டு "ஸ்விட்ச் வந்தாச்சு, இனி வேகம்"னு மாத்துறவங்க இருக்காங்க. சிபைத்தான்ல (பைத்தானோட வழக்கமான இயக்கி) ஜம்ப் டேபிளெல்லாம் கிடையாது. மேலிருந்து கீழே ஒவ்வொரு கேஸா பார்த்துட்டுப் போகும், இஃப் - எலிஃப் மாதிரியே. மேட்சோட பலம், தரவோட வடிவத்தைப் பிரிக்கிறதுல இருக்கு: ரெண்டு உறுப்பு லிஸ்ட்டா, இந்தக் கீ உள்ள டிக்ட்டா, உள்ள இருக்கிறதை உருவி மாறியில போடணுமா. அங்க அது அழகு. வெறும் 38 எண்ணுக்கு ஒரு டிக்ட்ல ஃபங்ஷன்களைப் போட்டுத் தேடுறது பைத்தான்ல பழகின வழி, ஹேஷ் தேடல்ங்கிறதால எண்ணிக்கை கூடினாலும் தாங்கும்.

மேட்ச்ல ஒரு பொறி உண்டு. கேஸ்ல வெறும் பெயரா ஒரு மாறிலியை எழுதினா, பைத்தான் அதோட ஒப்பிடாது. வந்த மதிப்பை அந்தப் பெயர்ல போட்டுட்டு "பொருந்திருச்சு"ன்னு சொல்லிடும். நடுவுல எழுதியிருந்தா அடுத்த கேஸுக்குப் போகவே முடியாதுன்னு சின்டாக்ஸ் எரர் வரும். கடைசி கேஸா இருந்தா சத்தமே இல்லாம எல்லாத்தையும் விழுங்கிடும். புள்ளி வெச்ச பெயரா, அதாவது என்யூமோட பெயர் - புள்ளி - உறுப்புன்னு எழுதினாதான் ஒப்பீடு நடக்கும்.

ஜாவாக்காரங்களுக்கு 14ஆம் பதிப்புலேர்ந்து ஸ்விட்சையே எக்ஸ்பிரஷனா எழுதலாம். அம்புக்குறி வடிவத்துல ஃபால்த்ரூவும் (ஒரு கேஸ்லேர்ந்து அடுத்ததுக்குத் தானா வழியறது) இல்ல, என்யூம்ல ஒரு கேஸை விட்டா கம்பைலே ஆகாது. ரஸ்ட்ல மேட்ச் முழுசா இல்லன்னா கம்பைலர் விடாது. கோ மொழியில ஸ்விட்ச் தானா அடுத்த கேஸுக்கு வழியாது. டெர்னரியே அந்த மொழியில கிடையாது.

நிரல்மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அசெம்பிளியை எடுத்துப் பார்த்தேன். என் இஃப் சங்கிலி ஜம்ப் டேபிளா மாறல. வரிசையா ஒப்பீடுதான் இருக்கு. வகை எண்கள் 1லேர்ந்து 30 வரை தொடர்ச்சி, மீதி எட்டும் 200க்கு மேல. அதனாலயா?

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. சங்கிலி நடுவுல, 17ஆவது கிளைக்கு அப்புறம், வகையைப் பார்க்காம "நெறிமுறைப் பதிப்பு 2க்குக் கீழயா?"ன்னு கேட்கிற ஒரு எல்ஸ் இஃப் இருக்கு. அதுக்குள்ள பழைய கருவிகளைத் தனியாக் கவனிக்கிற ஃபங்ஷன். அதுக்குக் கீழ இருக்கிற 21 வகையும் புதுப் பதிப்புக்கு மட்டும்தான் ஓடுது. இதை ஸ்விட்ச் ஆக்கும்போது எங்க வைக்கிறது? அப்புறம் டெர்னரி பத்தி யாரும் சொல்லல.

பழைய_கம்பைலர்:

எண்கள் இரண்டு கூட்டமாக இருப்பது தடையாக இருந்திருக்காது. நெருக்கமான பகுதிக்கு ஒரு டேபிள், மீதிக்கு நாலைந்து ஒப்பீடு என்று பிரித்துக்கொள்ள கம்பைலர்களால் முடியும். நடுவில் நிற்கும் அந்தப் பதிப்புச் சோதனைதான் காரணம் என்று நினைக்கிறேன். சங்கிலியில் எல்லா இஃப்பும் ஒரே மாறியைப் பார்த்தால்தான் அதை முழுசாக ஸ்விட்சாகக் கருத முடியும். நடுவில் வேறு மாறி வந்தால் அங்கே துண்டாகிவிடும்.

இதைக் கண்டுபிடித்தது இந்தத் திரியிலேயே மிகப் பயனுள்ள விஷயம், ஏனென்றால் இது வேகத்தைவிடப் பெரியது. இஃப் சங்கிலியில் வரிசைக்கு அர்த்தம் உண்டு, ஸ்விட்சில் கேஸ்களின் வரிசைக்குக் கிடையாது. அந்தச் சோதனையை ஸ்விட்சுக்கு மேலே தூக்கி வைத்தால், முதல் 17 வகையும் பழைய கருவிகளுக்கு வேறு வழியில் போய்விடும். இன்றைக்கு அவை பதிப்பைப் பார்க்காமலே ஓடுகின்றன. அது வேண்டுமென்றே செய்ததா, காலப்போக்கில் அப்படி அமைந்ததா என்று நெறிமுறை ஆவணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நடத்தையை மாற்றக் கூடாதென்றால், வாசல்வரி சொன்ன அட்டவணையில் "பழைய பதிப்பிலும் இதே வழி" என்ற ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, ஸ்விட்சுக்கு முன் அதைப் பாருங்கள். வகை பட்டியலிலேயே இல்லாமல், பதிப்பும் பழையதாக இருந்தால் அந்தத் தனி ஃபங்ஷனுக்குத்தான் போக வேண்டும், அதையும் விட்டுவிடாதீர்கள். ஒளிந்திருந்த விதி வெளியே தெரியும்.

ஸ்விட்சுக்குப் போகும்போது பிரேக்கில் (ஸ்விட்சை விட்டு வெளியேறும் கட்டளை) கவனம். 1990 ஜனவரி 15 அன்று ஏடி அண்ட் டியின் நெடுந்தொலைவுத் தொலைபேசி வலை சுமார் ஒன்பது மணி நேரம் முடங்கியது. சியில் எழுதிய மென்பொருளில், ஸ்விட்சுக்குள் இருந்த இஃப்பில் போட்ட ஒரு பிரேக், தாண்டக் கூடாத இடத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. நான் முன்னால் சொன்னதுபோல ஒவ்வொரு கேஸும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு ரிட்டர்ன் செய்தால் பிரேக்கே தேவைப்படாது. ஒரு கேஸ் அடுத்ததற்குள் வேண்டுமென்றே வழிய வேண்டுமானால், சி++17ல் அதைச் சொல்ல ‘ஃபால்த்ரூ’ என்ற குறிப்பு இருக்கிறது. ‘எக்ஸ்ட்ரா’ (-Wextra) எச்சரிக்கைக் கொடியையும் போட்டுவிடுங்கள், ஜிசிசி 7லிருந்து அது சொல்லாமல் வழியும் கேஸைப் பிடிக்கும்.

இஃப்பாகவே விடும் இடங்களில், ஒரே வரியானாலும் அடைப்புக்குறி போடுங்கள். 2014ல் ஆப்பிளின் எஸ்எஸ்எல் கோடில் ‘கோட்டு ஃபெயில்’ (goto fail, பிழைப் பகுதிக்குத் தாவு) என்ற வரி அடைப்பில்லாத இஃப்புக்குக் கீழே இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது வரி இஃப்புக்குக் கட்டுப்படாமல் எப்போதும் ஓடி, கையெழுத்துச் சரிபார்ப்பையே தாண்டிப் போனது. உள்ளே தள்ளி எழுதியிருந்ததால் படித்தவர் கண்ணுக்கு அது இஃப்புக்குள் இருப்பதாகவே தெரிந்தது.

டெர்னரிக்கு என் அளவுகோல்: இரண்டு மதிப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்களா, போடுங்கள். மாறியைக் கான்ஸ்ட் (பிறகு மாற்ற முடியாதது) ஆகவும் வைத்துக்கொள்ளலாம், அது இஃப்பில் முடியாது. இரண்டு வேலையில் ஒன்றைச் செய்கிறீர்களா, இஃப். டெர்னரிக்குள் டெர்னரியை ரிவ்யூவில் நான் அனுமதிப்பதில்லை. பிஎச்பியில் அது மற்ற மொழிகளுக்கு எதிர்த்திசையில் சேர்ந்து பலரைத் தடுமாறவைத்தது, 8.0லிருந்து அடைப்பில்லாமல் அப்படி எழுதினால் பிழை என்றே ஆக்கிவிட்டார்கள்.

டெர்னரி எழுதினால் பிராஞ்ச் இருக்காது என்பது உண்மையில்லை. எளிய இஃப்பும் எளிய டெர்னரியும் கம்பைலர் கைக்குப் போனபின் ஒன்றுதான். இரண்டையும் அது பிராஞ்சாகவும் ஆக்கலாம், ‘சிமூவ்’ என்னும் நிபந்தனை நகர்த்தலாகவும் ஆக்கலாம். சிமூவில் ஊகம் இல்லை, எனவே ஊகத் தவறும் இல்லை. பதிலுக்கு, இரண்டு பக்க மதிப்பும் கணக்கிடப்படும்வரை காத்திருக்க வேண்டும். தாறுமாறான தரவில் அது லாபம். நூற்றில் 99 முறை ஒரே பக்கம் போகும் கண்டிஷனில் பிராஞ்சே லாபம். கோடிக்கணக்கில் சுற்றும் உள்லூப்பில், அளந்து பார்த்த பிறகு, இதைக் கையில் எடுக்கலாம்.

பிராஞ்சைக் கட்டாயம் தவிர்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு: ரகசியச் சாவியைக் கையாளும் கிரிப்டோ கோடு. அங்கே எந்தப் பக்கம் போனது என்பது நேரத்தின் வழியாகக் கசியும். அங்கேகூட டெர்னரியை நம்பமாட்டார்கள். பிட் கணக்கில் எழுதி அசெம்பிளியையும் சரிபார்ப்பார்கள். உங்கள் மெசேஜ் வகை ரகசியம் இல்லை.

நிரல்மகள்:

இப்போ தெளிவா இருக்கு. ஆவணத்துல தேடினேன்: முதல் 17 வகையும் பதிப்பு 1லேயே இருந்தவை, வடிவம் மாறவே இல்ல. அதனால பதிப்புச் சோதனையை அட்டவணையில வைக்கிறேன். நீளம், செக்சம், பதிவு எல்லாம் ஸ்விட்சுக்கு மேல வரிசையா ரிட்டர்ன். ஸ்விட்ச்ல டிஃபால்ட் இல்லாம 38 கேஸ். டெர்னரி ரெண்டு இடத்துல மட்டும். ஒரே மாற்றமா அனுப்பட்டுமா, பிரிச்சு அனுப்பட்டுமா?

வாசல்வரி:

பிரித்து அனுப்புங்கள். முதலில் சோதனைகளை மேலே எடுக்கும் மாற்றம், சங்கிலி அப்படியே இருக்கட்டும். அது ஓடி நிலைத்த பிறகு சங்கிலியை ஸ்விட்ச் ஆக்குங்கள். அதற்கு முன், உண்மையில் வந்த மெசேஜ்களை ஒரு ஃபைலில் பிடித்து வையுங்கள். 38 வகையும், தெரியாத வகையும், நீளம் குறைந்ததும், செக்சம் கெட்டதும், ஒவ்வொரு வகையிலும் பழைய பதிப்பும் அதில் இருக்க வேண்டும். வந்ததில் இல்லாததைக் கையால் செய்து சேருங்கள். பழைய ஃபங்ஷனுக்கும் புதியதற்கும் அதே ஃபைலைக் கொடுத்து வெளியீட்டை ஒப்பிட்டால், ரிவ்யூ செய்பவர் வேகத்தைப் பற்றிக் கேட்கும் முன்பே அவர் கையில் கொடுக்க ஒன்று இருக்கும்.